குறையக் குறைய

உன்னைக் கடல்தான் கொண்டுபோகும் என்று
டச்பே கரையில் எல்லாரும் சொல்லிவைத்திருந்தார்கள்.
இராவணன் வெட்டின் விளிம்பில் நீ
ஒற்றைக்காலில் நின்ற வெள்ளிக்கிழமை
கோயிலுக்குத் தேங்காய் உடைக்க வந்தவர்கள்
உனக்காகவும் ஒன்று உடைத்தார்கள்.

கொன்றது நுளம்பு, மேர்சலின்.
பக்கத்து வளவில் யாரோ கவிழ்க்க மறந்த
சிரட்டைத் தண்ணீரில் பிறந்தது.

நான் ஓடத் தெரியாதவள். நீந்தவும் தெரியாது.
உன் செருப்பைக் காவியவள்,
நிறுத்தற் கடிகாரம் பிடித்தவள்.
விடியுமுன் மைதானத்தில்
சுண்ணாம்புக் கோடுகளின் மேல் மான்கள் படுத்திருக்கும்.
நீ கைதட்டிக் கலைக்கமாட்டாய்.
மேலால் பாய்ந்து போவாய்.
"தடைதாண்டலும் பழகினமாதிரி" என்பாய்.
மாகாணப் போட்டியன்று
கதிரையில் வைத்திருந்த உன் இலக்கத்தை,
இருநூற்றுப் பதினான்கை,
ஒரு கலைமான் ஊசிகளை மட்டும் விட்டுவிட்டு மென்றது.
பெனியனில் பேனையால் எழுதிக்கொண்டு ஓடினாய்.

எண்ணூறு மீற்றர்:
இரண்டு நிமிடம் இருபத்தொன்று.
அடுத்த மாரிக்குள் பதினாறு.
பிறகு பன்னிரண்டு.
குறையக் குறைய
பஸ் நிலையத்தடிக் கடையில்
எங்களுக்கு ரோல்ஸ் கூடும்.

மூதூரிலிருந்து கொட்டியாரக் குடாவை நீந்திக் கடக்க
நேவியிடம் கொடுத்த படிவத்தில்
பயணத்தின் நோக்கம் என்ற இடத்தில்
"வீட்ட போக" என்று எழுதியவள் நீ.
அதிகாரி இரண்டு தரம் வாசித்துவிட்டு
"பஸ் இருக்குத்தானே" என்றார்.
"பஸ்ஸில சத்தி வரும் சேர்."

நஸ்வர் நானாவின் வள்ளத்தில்
சத்தி எடுத்தது நான்தான்.
மாவலி வந்து கலக்கிற இடத்தில்
ஒரு பக்கம் தேத்தண்ணி நிறம், மறுபக்கம் நீலம்.
நடுவில் உன் தலை,
வலையிலிருந்து அறுந்த மிதப்புக்கட்டைபோல.
இந்த இடத்தில் அடி இல்லை என்றார் நானா மெதுவாக.
நான் அதை உனக்குச் சொல்லவில்லை.
நீ மல்லாந்து கேட்டாய்:
"எடியேய், குளுக்கோஸை நீயே குடிச்சு முடிச்சிட்டியா?"

முடித்திருந்தேன்.
இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை.

ஏழாம் வார்ட்டில் உன் கட்டில் காலடியில் ஒரு தாள்.
தொண்ணூறாயிரம்.
மத்தியானம் அறுபத்திரண்டு.
விளக்குப் போடும் நேரம் முப்பத்தொன்று.
தாதி எழுதிவிட்டுப் போகும் ஒவ்வொரு தரமும்
என் பெருவிரல் தானாக மடங்கும்,
எங்கோ இருக்கிற பொத்தானை அமத்த.
நீ ஒரு கண்ணைத் திறந்தாய்.
"எவ்வளவு?"
"பதினெட்டு."
"ரெக்கோர்ட்" என்றாய்.

சிரித்தோம்.
கடவுளே, முரசெல்லாம் இரத்தம் கசிய
நீ சிரித்தாய், நானும் சிரித்தேன்.

உன்னைப் புதைத்துவிட்டு வரும்போது
கடல் வழக்கம்போல இருந்தது.
பிள்ளைகள் பட்டம் விட்டார்கள்,
யாரோ ஐஸ்பழம் விற்றார்கள்.
ஒரு அலையாவது
கரையேறி வந்து கேட்டிருக்கலாம்.
அதற்காகக் கடலோடு நான் இன்னும் கதைப்பதில்லை.

போன கிழமை சம்பூர்ப் பிள்ளை ஒருத்தி,
சப்பாத்து இல்லை,
இரண்டு சுற்றும் முடித்து
முழங்காலில் கைவைத்து நின்றாள்.
மணிக்கூடு என் கையில்.
மாஸ்டர்தான் வலுக்கட்டாயமாகத் தந்தார்.
"அக்கா, குறைஞ்சிருக்கா?"

வாய்க்குள் வார்ட்டின் மருந்து மணம்.
இலக்கத்தைப் பார்த்தேன்,
பிறகு அவளுடைய மூச்சைப் பார்த்தேன்.
"ஓம்" என்றேன். "குறைஞ்சிருக்கு."

அவள் துள்ளிய துள்ளலில்
மூன்றாம் கோட்டில் படுத்திருந்த மான் எழும்பி
தன்பாட்டில் நடந்தது.
நான் பையைத் துழாவினேன்.
இரண்டு ரோல்சுக்குக் காசிருந்தது.