இரண்டாம் ஓட்டம்

ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே, பேக்கரிக்கு மேல் மாடி.
பாண் வேகும் மணத்தில்
உயர்தர இணைந்த கணிதம் கோக்கிறேன்.
பக்கத்துக்கு எண்பது ரூபாய். அம்புக்குத் தனிக்காசு இல்லை.

புனிதகுமார் சாருக்கு அம்பு என்றால் கண்டிப்பு.
"வளைஞ்சு வரணும், குத்தக் கூடாது.
எழுத்தைத் தொட்டும் தொடாம நிக்கணும்."
சாய்தளத்தில் ஒரு துணிக்கை.
mg sin θ-வின் கீழிருந்து ஓர் அம்பு: சரிவின் வழியே இழுப்பது.
μR-இன் மேலிருந்து இன்னொன்று: வழுக்காமல் பிடித்திருப்பது.
ஜன்னலில் மலை. ஏறக்குறைய அதே முப்பது பாகை.

முதல் ஓட்டத்தில் அம்புகளுக்கு வழி தெரியாது.
பக்கத்து மூலையில் குவிந்து கிடக்கும்,
மழைக்கு ஒதுங்கிய ஆடுகள் மாதிரி.
எந்த எழுத்து எங்கே உட்கார்ந்தது என்று
கணினி ஒரு சின்னக் கோப்பில் குறித்து வைக்கும்.
இரண்டாம் ஓட்டத்தில் அதைப் படித்து
ஒவ்வொன்றும் தன் இடம் போய்ச் சேரும்.
இந்த வேலையில் எனக்குப் பிடித்தது
அந்த ஒரு விநாடிதான்.

செவ்வாய்க்கிழமை,
அட்டை கடித்த இரத்தம் காலில் காயாமல்
படியேறி வந்தாள் தவமலர்.
"மகனோட டியூட் பாத்தேன்.
இதுக்கும் அப்படிப் போட்டுத் தருவீங்களா?"
நாலாய் மடிந்த சம்பளச் சீட்டு.

தட்டினேன்.
நாட்கூலி பெருக்கல் பதினெட்டு. அம்பு: நீங்கள் மலையில் நின்ற நாள்.
கழி, சேமலாப நிதி. அம்பு: பிற்பாடு வரும்.
கழி, முற்பணம். அம்பு: தீபாவளிக்கு வாங்கியது.
கழி, சந்தா.
கழி, இதர, அறுநூற்று நாற்பது.

"இதர யாரு?" என்றாள்.

ஓட்டினேன். மறுபடி ஓட்டினேன்.
கரண்ட் போய் வந்தது. மூன்றாம் முறை.
மற்றதெல்லாம் இடம் பிடித்துவிட்டது;
அது மட்டும் கீழ் மூலையில்,
எதையும் காட்டாமல்.
சிவப்பில் ஒரு வரி வந்தது:
அந்தப் பெயரில் கணு இல்லை.

வாசித்துச் சொன்னேன். கணுவா என்று சிரித்தாள்.
கொழுந்து எங்கே ஒடியும் என்று
அவள் விரலுக்குத் தெரியாத கணுவா.

அந்த வரியை எடுத்துவிட்டால் பக்கம் சுத்தமாகும் என்றேன்.
"எடுக்காதீங்க. அப்படியே அடிங்க.
அந்த அம்பு மட்டும் கொஞ்சம் தடிப்பா."

எத்தனை பிரதி என்று கேட்டேன்.
ஜன்னலருகே போய்க் குனிந்து
பேக்கரி வாசலில் நின்ற குடைகளை
எண்ணத் தொடங்கினாள்.