கட்டாபா, கடைசி வரிசை

கியூக்கா ஏரியோரம் உறைபனி இறங்கும் என்று
வானொலி சொன்ன இரவு,
வில்டாவும் தம்பி ஹோபார்ட்டும்
பேசிக்கொள்ளவில்லை.

நாளைக்கே பறித்துவிடு என்றிருந்தான் சாயங்காலம்.
சந்தையில் கூடை ஆறு டாலர்,
பிள்ளைகள் தோலைப் பிதுக்கி
வழுக்கும் சதையை உறிஞ்சுவார்கள்.

இன்னும் பத்து நாள், என்றாள்.
செம்புக்காசு நிறம் இன்னும் கறுக்கட்டும்.
பீப்பாயைக் கழுவி வைத்தாயிற்று.

போன வருஷம்
ஒயின் வாங்க வந்த ஆள்
ஒரு மிடறு வாயில் அலசி
'நரி வாடை' என்று துப்பினான்.
புளிக்கும் என்று போன நரியைத் தெரியும் அவளுக்கு.
பழத்தையே நரி என்றவனை
அன்றுதான் பார்த்தாள்.
கூடவே நின்ற ஹோபார்ட்
ஒன்றும் சொல்லவில்லை,
ஆள் வைத்துப்போன கிளாஸைக் காலி செய்தான்.

இரண்டு மணிக்கு டார்ச்சோடு இறங்குகிறாள்.
சரிவெல்லாம் புகை.
தகர டின்களில் ஈர வைக்கோல் மூட்டி
கடைசி வரிசையில் குந்தியிருக்கிறான்,
கோட்டுக்கு மேல் கோட்டு.

பாதி வரிசை எனக்கு,
என்கிறது புகை.
தோலைத் துப்பும் சத்தம்.

அவள் அடுத்த டின்னுக்கு
வைக்கோல் அள்ளுகிறாள்.
கால்வாசி, என்கிறாள்.