தலைமறைவு

இரவுப்பணி முடித்து
கன்னங்குறிச்சி பஸ் ஏறினால்
ஆறே முக்காலுக்கு மூக்கனேரி.
ஐப்பசி மழை இரண்டு நாளாய் விட்டிருக்கிறது.
சேர்வராயன் மலை பாதிக்குமேல் இல்லை,
மேகம் வாங்கிக்கொண்டுவிட்டது.
என் கையில் இன்னும் ஸ்பிரிட் வாசம்.

வடக்குக் கரையில்
அங்கமுத்து முன்னமே வந்து நிற்கிறார்,
லேத் பட்டறைக்காரர்.
அவர் பைனாகுலரின் இடது கண்ணில் பூஞ்சை.
வலது கண்ணால் அவர் எண்ணுவார்,
நான் நோட்டில் எழுதுவேன்.
வேறு பேச்சு கிடையாது.

நாமக்கோழி எட்டு.
முக்குளிப்பான் மூன்று, இல்லை நான்கு,
ஒன்று தண்ணீருக்கடியில் இருந்தது.
தகைவிலான்
'கம்பி நிறைய' என்று போட்டுக்கோ.
ஊசிவால் வாத்து
இன்னும் வரவில்லை.

பொறி உள்ளானில்தான் தகராறு.
சேற்றில் அலகு குத்திக் குத்தி
நரம்பு கிடைக்காத பயிற்சி மாணவிபோல்
நகர்ந்துகொண்டே இருக்கின்றன.
அவருக்குப் பதினொன்று.
எனக்குப் பன்னிரண்டு.
ஆகாயத்தாமரைக்குப் பின்னால் ஒன்று போனது.
"இப்ப கண்ணுல படுதா?
படாததை எழுதாதீங்க சிஸ்டர்."

பன்னிரண்டாம் படுக்கையில்
இரண்டு மணிவரை ஆள் இருந்தது.
பெரியதம்பி, வாழப்பாடிக்குப் பக்கம்.
காய்ச்சல் நூற்றிரண்டு.
"மரவள்ளிக் காட்டுல தண்ணி நிக்குது சிஸ்டர்,
கிழங்கு அழுகிரும்" என்று
என்னிடமும் சொன்னார்,
மின்விசிறியிடமும் சொன்னார்.
நாலு மணிக்குப் போய்ப் பார்த்தால்
குளுக்கோஸ் சொட்டிக்கொண்டிருக்கிறது,
தரையில்.
போர்வையை நாலாய் மடித்து வைத்திருந்தார்.

பதிவேட்டில் இதற்கு
ஒரே சொல்தான் உண்டு: தலைமறைவு.
கொலை செய்து ஓடியவனுக்கும்
அதையேதான் எழுதுகிறார்கள்.
எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

வடக்கே எங்கேயோ
உறையத் தொடங்கிய ஒரு சதுப்பில்
இவை அடைகாத்த இடம் காலியாய்க் கிடக்கும்.
அங்கேயும் ஒருத்தி நோட்டோடு நின்றால்
என்ன எழுதுவாள்?

அங்கமுத்து சட்டை நுனியால்
கண்ணாடியைத் துடைக்கிறார்.
பூஞ்சை உள்ளே இருக்கிறது, போகாது,
அது அவருக்கும் தெரியும்.
ஆகாயத்தாமரை அசைந்தது.
தவளையாகவும் இருக்கலாம்.
பதினொன்று என்று மையில் எழுதி
பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு வைத்தேன்.
அவர் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

பஸ்ஸுக்கு நிற்கும்போது
கேஸ் ஷீட்டிலிருந்து எடுத்துவந்த எண்ணுக்கு
மூன்றாவது தடவை அடிக்கிறேன்.
திட்டுவதற்கு இல்லை.
புறங்கையில் நான் போட்ட ஊசி
அப்படியே இருக்கும்,
அதை எப்படிக் கழற்றுவதென்று
யாராவது சொல்ல வேண்டும்.
மணி போகிறது.
காட்டில் இருப்பார்,
முழங்கால் தண்ணீரில்.