நாலாவது பத்தி

மணக்குடிப் பாலத்துக்கு மேற்கே, காயல் உப்பேறும் மாதம்.
தகரக் கூரைக்குக் கீழே மூன்று தொட்டி.
தொட்டிக்கு நானூறு கொடுவாக் குஞ்சு,
வந்தபோது என் சுண்டுவிரலில் பாதி,
வாய் மட்டும் அப்போதே பெரிசு.

ஒன்றாவதுக்கு மீன்மாவு.
இரண்டாவதுக்குப் புழுமாவு.
மூன்றாவதுக்கு, குலசேகரத்திலிருந்து
மூட்டையில் வந்த ரப்பர்க் கொட்டை.
ஊறவைத்து, மூடாத பானையில் அவித்து,
விஷத்தை ஆவியாய் அனுப்பிவிட்டு
வெயிலில் காயவைத்து இடித்தது.
நோட்டில் கோடு போட்டு மூன்று பத்தி.

மீன்மாவு எங்கிருந்து வருகிறதென்று எனக்குத் தெரியாதா.
ததேயு மச்சான்தான் கரையில் தராசு பிடிக்கிறான்.
நசுங்கிய நெத்தோலி, விரல்நீளக் காரல்,
ஐஸ் காணாத சாளை,
பெயர் கேட்க ஆளில்லாததெல்லாம்
ஒரே குவியல், ஒரே விலை, ஒரே லாரி.
நாலு கிலோ காய்ந்து அரைந்தால் ஒரு கிலோ தூள்.
ஒருநாள் குவியலருகே குனிந்து பார்த்தேன்.
பாதிக்கு மேல் குஞ்சு.

புழுக்கள் பின்பக்கம், கொசுவலைக்குள்.
வடசேரிச் சந்தையின் அழுகல் முட்டைக்கோசு,
பந்தியில் மிஞ்சிய எரிசேரி, ஜூஸ் கடைச் சக்கை,
வியாழன் வியாழன் ஒரு ஆட்டோ.
கொட்டியதும் சரசரவென்று ஒரு சத்தம் கிளம்பும்,
ஓலைக்கு மேல் தூறல் தொடங்கினாற்போல.
கையை உள்ளே விட்டால் சுடும்.
பதினைந்தாம் நாள் தாமாகவே புறப்படும்.
தீனியை விட்டு, சரிவுப் பலகையில் ஏறி,
இருட்டு தேடி.
பலகை முடிகிற இடத்தில் நான் வைத்த வாளி.
உள்ளே இருட்டுதான்.
அந்த மட்டில் நான் ஏமாற்றவில்லை.

தப்பியது ஈயாகும். கருப்பு, குளவிபோல் ஒல்லி.
வளர்ந்தபின் அதற்குத் தின்ன வாய் கிடையாது.
ஒரு வாரம் பறக்கும், முட்டையிடும், அவ்வளவுதான்.
சொசைட்டியில் வட்டி கட்ட நிற்கும்போது
அதை நினைத்துக்கொள்வேன்.

மச்சான் வந்து மூக்கைப் பொத்தினான்.
"என்ன நாத்தம் விஜிலா இது?
எனக்க சாளைக்கு என்ன கொறச்சல்?"
"சாளைக்கு ஒண்ணுமில்ல மச்சான். சாளைதான் கொறச்சல்."
சிரிப்பான் என்று நினைத்தேன்.
ஆவணி முழுக்க வள்ளம் வெறுமனே வந்து
ஏறிய மண்ணெண்ணெய்க் கடன்
அவன் சட்டைப்பையில் மடிந்து கிடக்கிறது.

காய்ச்சலில் நான் பன்னிரண்டு நாள்
தரம் பிரிக்கவில்லை.
தீவனம் போட்ட பையன் சொன்னான்,
மூணாம் தொட்டியில மட்டும்
வாயில் வாங்கி, யோசிச்சு, துப்புதுக்கா.

இன்று எடை.
ஒன்று: பதினோரு கிராம்.
இரண்டு: பத்தே முக்கால்.
மூன்று: பன்னிரண்டரை.
ரப்பர்க் கொட்டையா!
தராசைத் தட்டினேன். மறுபடி வைத்தேன். பன்னிரண்டரை.

பிறகுதான் எண்ணினேன்.
இருநூற்று எழுபது.
மிதந்து எடுத்தது பதினாறு என்று
பையன் கோடு போட்டு வைத்திருக்கிறான்.
மற்ற நூற்றுப்பதினாலு?
வலையில் புரண்ட ஒரு பெரியவனின் வாயில்
இன்னொன்றின் வால்,
இன்னும் அசைந்துகொண்டு.

சாளையும் வேண்டாம், புழுவும் வேண்டாம்,
பக்கத்திலேயே நீந்துகிறது புரதம்.
மாற்று வழி கண்டுபிடிக்க
இவற்றுக்கு நோட்டு வேண்டியிருக்கவில்லை.

மச்சான் கைலியை மடித்துக்கட்டிக் குனிந்தான்.
கரைக்கையல்லவா, பார்க்காமலே பிரிக்கிறது:
பெரிசு, நடு, சிறிசு. மூன்று வாளி.
நான் நாலாவது பத்திக்குக் கோடு போட்டேன்.
தலைப்பு எழுதுமுன் கரண்டு போயிற்று.

ஏரேட்டர் நின்றது.
செல்போன் வெளிச்சத்தில் பார்த்தால்
மீன்மாவும் புழுவும் கொட்டையும் தம்பியும் தின்ற
அத்தனையும் மேலே வந்து
ஒரே மாதிரி வாய் திறந்து மூடின.

மச்சான் ஜெனரேட்டர் கயிற்றை இழுத்தான்.
பிடிக்கவில்லை.
டேங்கைத் திறந்து முகர்ந்தான்,
ஒன்றும் பேசாமல் சைக்கிளெடுத்துப் போனான்,
வள்ளத்துக் கேனோடு திரும்பினான்.
அது எத்தனை லிட்டர் என்று கேட்டு
எழுத வேண்டும்.