பால்சுறா

மூன்றாம் நாளும் கோமளிக்குப் பால் இறங்கவில்லை.
பவுடர் டப்பாவை நீட்டினாள் நர்ஸ்.
மாமியார் என்னை முறைத்தாள்,
ஏதோ நான்தான் அடைத்து வைத்திருப்பதுபோல.
விடியுமுன் காசிமேட்டுக்கு வண்டியை எடுத்தேன்.

ஐஸ் உருகி ஓடும் சிமெண்டுத் தரை.
முழங்கை நீளம், ஈயச் சாம்பல் முதுகு,
சாக்பீஸ் வயிறு.
"புள்ள பெத்தவளுக்கா?"
கேட்டுக்கொண்டே கீறினாள் தேசம்மா.
உள்ளே மூன்று குட்டிகள்.
ஒவ்வொன்றுக்கும் கொடி.
மூன்று நாள் முன்பு ட்ரேயில் பார்த்தேனே,
அதே நீலம்பாரித்த கொடி.

"கொடி கீது, பேர்லயும் பாலு கீது,
மாருதான் இல்ல" என்று சிரித்தாள்.
பெற்ற மாத்திரத்தில்
தாய் ஒரு பக்கம், குட்டி ஒரு பக்கமாம்;
திரும்பி வந்தால் தின்றாலும் தின்னுமாம்.
இதில் எது கடல், எது வியாபாரம், தெரியாது.
முந்நூற்று நாற்பது ரூபாய்.
குட்டிகளுக்குக் காசு வாங்கவில்லை.
வேண்டாமென்றேன்.
பூனைகள் வேண்டுமென்றன.

பதினொரு மணிக்கு அண்ணா நகரில் ஏசி சர்வீஸ்.
நான்காம் மாடி. வெளி யூனிட்டின் தலையில்
ஒன்பது குச்சி, ஒரு துண்டு கேபிள்:
இதற்குப் பேர் கூடு.
புள்ளிப்புறா.
பிடரியில் கறுப்புச் சட்டை, அதில் வெள்ளை எள்.
குஞ்சு அதன் வாய்க்குள் தலையை விட்டு
கைப்பம்பு அடிப்பதுபோல் ஆட்டிக்கொண்டிருந்தது.

"தொண்டையில பால் ஊறும் தம்பி," என்றார்
வீட்டுக்காரர் ஞானசிகாமணி.
பேங்க் வேலையை விட்டபின்
புறாக்களுக்கு வருகைப் பதிவேடு வைத்திருக்கிறார்.
"இப்ப உக்காந்திருக்கிறது அப்பன்.
பகல் டூட்டி இவனுக்கு, ராத்திரி அவளுக்கு.
பால் ரெண்டு பேருக்கும் உண்டு."

ஆணுக்குமா?

இதைவிடச் சோம்பேறித்தனமாக
யாரும் வீடு கட்டியதில்லை.
இருந்தும் அந்தத் தொண்டை.
ஸ்பேனரைப் பைக்குள் போட்டேன்.
"கேஸ் இருக்கு சார். பதினைஞ்சு நாள் தாங்கும்."
தாங்காது. அவருக்கும் தெரியும்.
விசிறி மட்டையை எடுத்துக்கொண்டார்.

சாயங்காலம் மஞ்சள் போட்டு அவித்து,
தோல் உரித்து, உதிர்த்து,
கைநிறையப் பூண்டோடு புட்டு.
மூக்கைப் பிடித்துக்கொண்டு கோமளி
முதல் கவளத்தை விழுங்கினாள்.
சட்டியில் ஒட்டியதை நான் வழித்துத் தின்றேன்.
"உங்களுக்கு எதுக்கு மாப்ள அது?"
மாமியாருக்குப் பதில் சொல்லவில்லை.

சுறாவுக்கு முள் கிடையாது.
தொண்டையில் ஏதோ நின்றது.