சுவிட்ச்

துறைமுக அலுவலகத்தில் இருபத்தாறு வருடம்
முத்திரை சரிபார்த்தவள் நான்.
சரக்குத் தாளில் ஒரு சுழியம் கூடியிருந்தாலும்
என் பேனா நின்றுவிடும்.
எர்சிலியாவின் கண்ணில் மண் தூவ முடியாது என்பார்கள்.
மண் தேவைப்படவில்லை.
சர்க்கரை போதுமாயிருந்தது.

இப்போது எண்ணிக்கை வேறு.
வால்பரைசோவின் இந்தக் குன்றில்
கடைத்தெருவிலிருந்து என் கதவுக்கு
நூற்றுப் பதினேழு படி.
அறுபத்துநான்காவதில் ஒரு நாய் படுத்திருக்கும்,
யாருடைய நாயும் இல்லை.
கைத்தடி அதன் விலாவில் பட்டால்
வாலால் ஒருமுறை படியைத் தட்டும்
ரசீது கொடுப்பதுபோல.

ஒருநாள் அது எழுந்து எங்கோ போயிருந்தது.
எண்ணிக்கை தவறி, பக்கத்துச் சந்தில் நுழைந்து,
யார் வீட்டுத் துணிக்கொடியிலோ மோதி
ஈரப் போர்வைக்குள் முகம் வைத்து
அரைமணி நேரம் அழுதேன்.
சோப்பு வாசனை நன்றாயிருந்தது.
அதையும் சொல்லவேண்டும்.

தட்டைக் கடிகாரமாக நினைத்துக்கொள் என்றார்கள் பயிற்சி மையத்தில்:
மூன்று மணிக்கு உருளைக்கிழங்கு,
ஆறு மணிக்கு இறைச்சி.
தங்கை பரிமாறினால்
எல்லாம் நள்ளிரவில் குவிந்து கிடக்கும்.

ஷாம்புவுக்கு ஒரு ரப்பர் பேண்ட்,
பாத்திரம் கழுவும் திரவத்துக்கு இரண்டு.
இதைக் கண்டுபிடிக்கும்வரை ஒரு மாதம்
என் தலைமுடி தட்டுபோல் பளபளத்ததாம்.
பேசோ தாள்களை விரலிடுக்கில் வைத்து அளந்து பார்க்கிறேன்,
பாலை முகர்ந்து பார்க்கிறேன்,
உப்பா சீனியா, நக்கிப் பார்க்கிறேன்.

மருந்துக்கடைப் பெண் என் தங்கையிடம் கேட்கிறாள்,
"அவங்களுக்குப் பை வேணுமா?"
அவங்களுக்கு வேணும் என்றேன்.
அவங்களுக்குக் காது கேட்கும் என்றும் சொன்னேன்.

ஆனாலும்
சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும்
கதவோரச் சுவிட்சைப் போடுகிறேன்.
கைக்கு யாரும் சேதி சொல்லவில்லை.
படுக்கப் போகும்போது அணைக்கிறேன்.
மின்கட்டணத் தாளைத் தங்கை வாசிக்கும்போது மட்டும்
கொஞ்சம் வெட்கமாயிருக்கும்.

சென்ற வியாழக்கிழமை இரவு கதவை யாரோ இடித்தார்கள்.
பள்ளத்துக்கு அந்தப் பக்கத்து வீட்டு தொன் பௌதிலியோ.
மூச்சு வாங்கியது அவருக்கு.
எங்களுக்குள் பேச்சு நின்று பத்து வருடம்,
ஒரு கழிவுநீர்க் குழாய் விவகாரம்.

"மூன்று ராத்திரியாக உங்கள் ஜன்னல் இருட்டாயிருக்கிறது" என்றார்.
"தினமும் போடுகிறேனே" என்றேன்.
என்னைத் தாண்டிக் கை நீட்டி
அவரே தட்டிப் பார்த்தார்.
டிக். டிக்.
"பல்பு போயிருக்கிறது."

மூன்று ராத்திரி
இருட்டில் வெங்காயம் நறுக்கியிருக்கிறேன்,
இருட்டில் வானொலிக்காரனோடு சண்டை போட்டிருக்கிறேன்,
இருட்டில் முடி வாரி,
பிறகு, ஞாபகமாக,
இருட்டை அணைத்துவிட்டுப் படுத்திருக்கிறேன்.

சிரிப்பு வந்துவிட்டது.
தானும் சிரிக்கலாமா என்று தெரியாமல்
அவர் காலை மாற்றி மாற்றி நின்றார், பலகை முனகியது.
எத்தனை வருடமாக
என் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று
நான் கேட்கவில்லை.
விடைபெறும்போது "பா" என்று ஆரம்பித்து
அங்கேயே நின்றுவிட்டார்.
பார்க்கலாம், என்று நானே முடித்துவைத்தேன்.

மறுநாள் காலை நூற்றுப் பதினேழும் இறங்கினேன்.
நாய் இருந்தது. ரசீது தந்தது.

"மஞ்சள் வெளிச்சமா, வெள்ளையா?"
வழக்கம்போல் கேட்டுவிட்டான் கடைக்காரன்.
கேட்டபின், நாக்கைக் கடித்தவன்போல் ஓர் அமைதி.

கைத்தடியைக் கவுண்டரில் சாய்த்து
யோசித்தேன்.
பள்ளத்தைத் தாண்டித் தெரியவேண்டும்.
கடல் மூடுபனி ஏறும் மாதம் வேறு.

பின்னால் வரிசையில் யாரோ செருமினார்கள்.
செருமட்டும்.