முன்பின் பார்க்காத பனுவல்

வெள்ளிக்கிழமை பரீட்சை.
கதை வராது, கவிதை வராது.
விளம்பரம் வரலாம். துண்டறிக்கை வரலாம்.
உப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று
ஏதோ ஓர் அரசாங்கம் யாருக்கோ எழுதியது வரலாம்.
ஒன்றேகால் மணி நேரம்.
யார் எழுதியது, யாருக்கு, எதற்கு,
எந்தச் சொல் அங்கே உட்கார்ந்து என்ன வேலை பார்க்கிறது.
என்ன சொல்லியிருக்கிறது என்பதை மட்டும் எழுதினால்
பாதி மார்க்கூடத் தேறாது.

பழைய வினாத்தாள்கள் தீர்ந்துபோய்
நானும் நௌஷீனும்
கண்ணில் பட்டதையெல்லாம் அறுக்க ஆரம்பித்தோம்.
ஊறுகாய் பாட்டில்: 'வீட்டுச் சுவை.' யார் வீட்டு?
காவேரித் தண்ணீர் அறிவிப்பு: 'நிறுத்தப்படும்.'
நிறுத்துகிறவர்
வாக்கியத்தில் எங்கேயும் இல்லை.
லிங்கராஜபுரத்தில் ஒரு கேட்டில் தொங்கிய பலகை:
'வாடகைக்கு. வெஜ் குடும்பம் மட்டும்.'
அந்த 'மட்டும்' மேல் மட்டும்
நௌஷீன் ஒன்றரைப் பக்கம் எழுதினாள்.
அவள் அக்கா மூன்று மாதமாக வீடு தேடுகிறாள்.

புதன் மாலை, மர்ஃபி டவுன் மூன்றாவது கிராஸ் முனை,
டிரான்ஸ்ஃபார்மர் பெட்டியில் ஒட்டியிருந்தது:
காணவில்லை. பச்சைக்கிளி. பெயர் மாணிக்கம்.

நின்றபடியே ஆரம்பித்தேன்.
மேலே கன்னடம், பெரிய எழுத்து. ஊருக்கு.
நடுவில் இங்கிலீஷ், போன் நம்பரோடு.
எதிர் அபார்ட்மென்ட் பால்கனிகளுக்கு.
படத்தில் கிளி, கிளிக்குக் கீழே ஒரு கை,
கையில் இரண்டு வளையல்.
முகத்தைக் கத்தரித்திருக்கிறார்.
கிளி வளர்ப்பது குற்றம் என்று தெரிந்தவர்தான்
முகத்தைக் கத்தரிப்பார்.
தெரிந்தும் கதவு எண்ணைப் போட்டிருக்கிறார்
(இந்த முரணை இரண்டாம் பத்தியில் வைக்கலாம்).
சன்மானம் ஐந்நூறு,
அடித்து ஆயிரம்,
அடித்து இரண்டாயிரம்.
மூன்றும் வேறு வேறு பேனா.
கடைசி மை மட்டும் மழையில் கரைந்திருந்தது.

எல்லாவற்றுக்கும் கீழே, ஓரத்தில்,
இடம் போதாமல் சரிந்து இறங்கும் கையெழுத்தில்
தமிழ்:

சாப்ட்டியான்னு கேக்கும்.
சாப்ட்டேன்னு சொல்லுங்க.
சொல்லாட்டி கேட்டுக்கிட்டே இருக்கும்.

கன்னடத்தில் இது இல்லை.
இங்கிலீஷிலும் இல்லை.
நோக்கம்: கிளியைத் திரும்பப் பெறுதல்
என்று நோட்டில் எழுதினேன்.
அடித்தேன்.
இந்த மூன்று வரியில்
கொண்டுவந்து கொடுங்கள் என்று
எங்கேயும் இல்லை.

ராத்திரி நௌஷீனுக்குப் போனில் படித்துக் காட்டினேன்.
'இதெல்லாம் பரீட்சைக்கு வராது.
வந்தா நீ டைம்ல முடிக்க மாட்டே' என்றாள்.
மிக்ஸி ஓடி நின்றது அவள் வீட்டில்.
'கிளிக்கு என்ன பேர் சொன்னே?' என்றாள்.

வியாழக்கிழமை முழுக்கத் தொனி, படிமம், எழுத்துரு.
கலர் பேனாவால் அடிக்கோடு.
முடிவுரையில் புதிதாக எதையும் சொல்லக் கூடாது
என்று சுவரில் ஒட்டிவைத்தேன்.

வெள்ளி காலை ஏழரை.
பெட்டியில் கிளி மேல்
ஐபிஎல் ஸ்கிரீனிங், பீர் ஒன்றுக்கு ஒன்று இலவசம்.
ஓரத்தில் ஒரு வளையல் மட்டும் வெளியே தெரிந்தது.
பஸ் ஸ்டாப் மழைமரத்தில்
முப்பது நாற்பது கிளிகள்,
வாய் ஓயாமல் கத்திக்கொண்டு.
எதுவும் எதையும் கேட்டதாகத் தெரியவில்லை.
பரீட்சை நாளில் எனக்குத் தொண்டையில் எதுவும் இறங்காது.
தோசையைத் தொடாமல் வந்திருந்தேன்.

ஆனாலும் அண்ணாந்து,
'சாப்ட்டேன்' என்றேன்.

பக்கத்தில் நின்றவர்
காதிலிருந்து ஒயரைப் பிடுங்கிவிட்டு
'ஏனு?' என்றார்.